பாணர் பெயரும் பாட்டின் உரிமையும்
'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த சிற்றூர் பொம்மையார்பாளையம். தமிழ் பயில்வார் இவ்வூரைப் பொம்மபுர ஆதீனத்தின் வழியாக அறிவர். பதினேழாம் நூற்றாண்டிற் சிவப்பிரகாசர் தம் குரவராகிய சிவஞான பாலைய சுவாமிகள் மீது பல சிற்றிலக்கியங்கள் பாடினார். அவற்றுள் தாலாட்டும் ஒன்று. கன்னடத்துப் பிரபுலிங்க லீலையைத் தமிழாக்கிய பெரும் புலவர், ஏட்டறிவில்லாத தாய்மாரின் வாயிற் பிறந்த இசை வடிவினையும் தமக்கெனக் கைக்கொண்டார். ஏட்டுப்புலமையும் நாட்டுப்பாடலும் கூடிய கூட்டுக்கு இது நல்லதொரு சான்று. ஆயின், அத்தாலாட்டின் மெட்டைச் சிவப்பிரகாசருக்கு முன்னரே பாடிவந்த பெண்டிரின் பெயர் எதுவும் நமக்குக் கிடைத்திலது.

இக்கடற்கரைக்கு அதனினும் தொன்மையான இசைவரலாறு உண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாடு இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியாகும். கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியதென்றும், எயிற்பட்டினம் மரக்காணமென்றும் அறிஞர் கொள்வர். எனவே, சீறியாழ் ஏந்திய பாணனும் அவன் சுற்றமும் விறலியரும் நடந்ததாக இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய வழி, பொம்மையார்பாளையத்திற்கு அண்மைக் கடற்கரை வழியே எனல் தவறாகாது.

அந்நூலின் 269 அடிகளையும் கற்பார் ஒன்றை எளிதிற் கவனியாது விடுவர். புலவர் பெயர் நமக்குத் தெரியும், புரவலன் பெயர் தெரியும், ஊர்ப்பெயர்கள் தெரியும். விறலியரின் கூந்தலும் சாயலும் அடியும் விரிவாகப் புனையப்பட்டுள்ளன. ஆனால் யாழ் இசைத்த பாணன் பெயரோ, ஆடிப் பாடிய விறலி ஒருத்தியின் பெயரோ அந்நூலில் இல்லை. ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்ற தொல்காப்பிய விதி அகத்திணைக்கே உரியது. ஆற்றுப்படை புறத்திணையின்பாற்படும். ஆதலின் பெயர் இன்மைக்கு இலக்கணம் காரணமாகாது. பாடற் பொருளாக அமைந்தவர் பாட்டுக்கு உரியராகக் கருதப்படவில்லை என்பதே காரணமாகலாம்.

இவ்வினாவை இன்று மீண்டும் எழுப்புவன நாட்டுப்புற இசையும் மேலைநாட்டு ராக் இசையும் கலந்து இயங்கும் தனி இசைக்குழுக்கள். திரைப்படத் துறையைச் சாராது தாமே பாடல் இயற்றி, தாமே இசைத்து, தாமே வெளியிடும் இக்குழுக்கள் பற்றித் தமிழ்த்துறைகள் இதுவரை போதிய ஆராய்ச்சி செய்தில. இக்கட்டுரை அவற்றுள் ஒன்றன் வரலாற்றையும், அது பிறரோடு கொண்ட கூட்டுறவுகளையும் ஆராய்ந்து, அவற்றால் நம் துறைக்குப் பெறப்படுவது யாது எனக் காண முயல்கின்றது.

2. கூட்டுறவின் மூவகை

நாட்டுப்பாடலும் ராக் இசையும் கூடும் முறையினை நாம் மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதலாவது எடுத்தாளல், இரண்டாவது அழைத்துச் சேர்த்தல், மூன்றாவது உடனுறைதல்.

எடுத்தாளலாவது, நகரத்து இசைஞர் நாட்டுப்பாடலின் சொல்லையோ மெட்டையோ பெற்றுத் தம் இசையில் அமைத்துக்கொள்ளுதல். இங்கிலாந்தில் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' என்னும் குழு 1969-இல் வெளியிட்ட 'லீஜ் அண்ட் லீஃப்' இசைத்தட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முன்னோர் தொகுத்து வைத்த பழம்பாடல்களை அக்குழுவினர் மின்கிதாருக்கும் முரசுக்கும் ஏற்றினர். நம் நாட்டில் டில்லியைச் சார்ந்த 'இந்தியன் ஓஷன்' குழு 2000-இல் வெளியிட்ட 'கந்தீசா' தொகுப்பில் நருமதை ஆற்றைப் போற்றும் மரபுப் பாடல் ஒன்று அவ்வாறே இடம்பெற்றது. இவ்வகையில் இசை சிறத்தல் கூடும். பாடலுக்குரியாரோ 'மரபு' என்ற ஒரு சொல்லுள் மறைந்துவிடுவர்.

அழைத்துச் சேர்த்தலாவது, குழுவினர் நாட்டுப்புறக் கலைஞர் ஒருவரையே தம் மேடைக்கு வரவழைத்துப் பாடச் செய்தல். சென்னையில் தர்புகா சிவாவும் பிரதீப் குமாரும் இயக்கிய 'லா பொங்கல்' குழுவில் தஞ்சைப் பகுதிக் கலைஞராகிய அந்தோணிதாசன் பாடியதை இதன் சிறந்த வடிவாகக் கொள்ளலாம். இங்கே பாடகர்க்குப் பெயரும் முகமும் உண்டு. அந்தோணிதாசன் பின்னர்த் தமிழகம் முழுவதும் அறியப்பட்ட பாடகரானமைக்கு இத்தகைய மேடைகளும் துணைசெய்தன. எனினும் இம்முறையில் பந்தலை இட்டவர் ஒருவர், வந்து பாடுவார் மற்றொருவர் என்னும் வேறுபாடு முற்றும் நீங்குவதில்லை.

உடனுறைதலாவது, நாட்டுப்புற இசைஞரும் நகரத்து இசைஞரும் தொடக்கம் முதலே ஒரே குழுவின் உறுப்பினராய் நின்று பாடலை உடன் ஆக்குதல். இம்மூன்றாம் வகைக்கு அண்மைக் காலத் தமிழ்நாட்டில் நாம் காட்டத்தக்க தெளிவான சான்று 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' ஆகும்.

3. குழுவின் தோற்றமும் வளர்ச்சியும்

இக்குழு 2017-ஆம் ஆண்டின் இறுதியில் உருப்பெற்றது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் அமைப்பும் சேர்ந்து இதனை உருவாக்கின. தென்மா இதற்கு முன்னர்க் கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்னும் தமிழ் ராக் குழுவில் இயங்கியவர். தமிழ்ச்சொல்லைக் கிதார் இசையில் இடர்ப்பாடின்றி நடத்தும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது எனலாம்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் (1845-1914) சிந்தனையினின்றும் பெறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற் சாதியற்ற தமிழர் எனத் தம் மக்கள் பதியப்பெறல் வேண்டும் என வாதாடியவர் அவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதரின் எழுத்தைத் தமிழ் ஆராய்ச்சியுலகம் நெடுங்காலம் நினையாதிருந்தது. அவர் வழங்கிய கருத்தை ஓர் இசைக்குழு தன் பெயராக ஏற்றமை இலக்கிய வரலாற்றிலும் குறிக்கத்தக்க செய்தி.

விண்ணப்பித்தாரிலிருந்து 19 பேர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். வடசென்னைக் கானாப் பாடகரும், பறை, தவில், டோலக், சட்டி, கட்டமோளம் ஆகியன முழக்குவோரும், கிதார், டிரம்ஸ் இசைப்போரும், ராப் பாடுவோரும் ஒருங்கே அமைந்தனர். முத்து, பாலச்சந்தர், இசைவாணி, செல்லமுத்து, அறிவு முதலியோர் பாடகர். 2018 சனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இவர்தம் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது; ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டனர். 'மகிழ்ச்சி' என்பது அவர்கள் வெளியிட்ட தொகுப்பு.

குழுவினர் மேடையில் ஒரே வகையான கோட்டும் சூட்டும் அணிந்து தோன்றினர். இதனை வெறும் ஒப்பனை எனத் தள்ளுதல் கூடாது. பறையும் சட்டியும் சாவு வீட்டு வாயிலுக்கு உரியன என்றும், அவற்றை முழக்குவோர் இன்ன கோலத்தில், இன்ன இடத்தில் நிற்பதே முறை என்றும் நம் சமூகம் நெடுங்காலம் வரையறுத்திருந்தது. அம்பேத்கரை நினைவூட்டும் உடையில் அதே கருவிகள் மேடையின் நடுவிடத்திற்கு வந்தபோது, பாட்டு தொடங்குமுன்னரே கேட்போர் உள்ளத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது.

நீலம் பண்பாட்டு மையம் 2018-இல் தொடங்கிய வானம் கலைவிழாவும், 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சியும் இம்முயற்சியின் தொடர்ச்சியாக விளங்கின. மார்கழி என்றால் சபாக்களின் கருநாடக இசையே என்ற எண்ணம் சென்னையில் ஊன்றியது. அத்திங்களிலேயே ஒப்பாரியும் கானாவும் பறையும் அரங்கேறியமை கருதத்தக்கது. தென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். அறிவு இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் கூடி 2019-இல் 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். வள்ளுவர் நூற்பெயரில் ஓர் எழுத்துமாற்றம் செய்தே தம் நிலத்தையும் நோக்கத்தையும் அறிவித்த அப்பெயர் தமிழ்ப் புலமைக்கும் விருந்தாவது.

4. இசையும் சொல்லும்

இக்குழுவின் கூட்டிசையில் மூன்று சிறப்புகள் உள.

முதலாவது தாள அமைப்பு. ராக் இசையின் நான்கடித் தாளத்தின்மேற் கானாவின் நடையை ஏற்றுங்கால், கானாவின் உயிராகிய இழுப்பும் தாவலும் கெடுதல் கூடும். இக்குழுவிலோ டிரம்ஸ் அடிப்படையைத் தாங்க, சட்டியும் கட்டமோளமும் பாடகரின் மூச்சோடு செல்கின்றன. மேலைக்கருவி நாட்டுக்கருவியைத் திருத்த முற்படவில்லை. அதற்கு இடம்விட்டு நிற்கின்றது. உடனுறைந்து பழகினாற்கே வாய்க்கும் பயன் இது.

இரண்டாவது, பொருளுக்கேற்ற வடிவத் தேர்வு. இடஒதுக்கீட்டின் வரலாற்றைச் சொல்லும் 'கோட்டா' என்னும் பாடல் கானா நடையில் அமைந்தது. அரசியலமைப்புச் செய்தி ஒன்றைக் கட்டுரையாகச் சொல்வாருளர், மேடைப்பேச்சாகச் சொல்வாருளர். தெருமுனையில் நண்பர்க்கு எடுத்துரைப்பார்போலச் சொல்வது கானா. பிறர் சொன்னால் வாதமாவது இங்கு உரையாடலாகின்றது.

மூன்றாவது, பெண் குரல். கானா பெரும்பாலும் ஆடவர் பாடும் துறையாகவே இருந்துவந்தது. அத்துறையிற் பெண்ணாக நின்று பெயர்பெற்றவர் இசைவாணி. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்டிர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பெண்டிரின் கோயில் நுழைவு உரிமை பற்றி அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' என்ற பாடல் பல்லாண்டு கழித்து 2024 நவம்பரிற் கடும் எதிர்ப்புக்கு ஆளாயிற்று. பாடல் குழுவின் பெயரால் வெளிவந்ததாயினும் எதிர்ப்பின் பெரும்பகுதி பாடிய பெண்ணை நோக்கியே எழுந்தது. புகழைப் பங்கிடுங்கால் மறக்கப்படும் பெயர், பழியைச் சுமத்துங்கால் உடனே நினைவுக்கு வருகின்றது. சிறுபாணாற்றுப்படை விறலிக்குப் பெயரின்மையையும் இதனையும் ஒருங்குவைத்துக் காண்க.

இனிக் குறைகளும் கூறல் வேண்டும். நடுநிலை ஆராய்ச்சிக்கு அது கடன். இக்குழுவின் பாடல்கள் சிலவற்றிற் கொள்கை முழக்கம் பாட்டை முந்திச் செல்கின்றது. முழக்கம் ஒருமுறை கேட்டாரை எழுப்பும். பாட்டோ பன்முறை கேட்டாரையும் விடாது பற்றும். பலர் ஒருங்கு பாடும் இடங்களிற் கானாப் பாடகர்க்கே உரிய தனிக்குரலின் நெளிவுகள் கூட்டொலியில் அமுங்கிவிடுகின்றன. மேடையில் தோன்றும் வேகம் ஒலிப்பதிவிற் குறைதலும் உண்டு. மரணக் கானா தனி ஒருவரின் துயரினின்றும் எழுவது. அத்துயர் பொதுத்துயராக விரிதல் சிறப்பே. விரிந்தபின் அம்முதல் துயர் கேளாது போதல் இழப்பு என்க.

5. பாட்டுக்கு உரியார் யார்

குழுவுக்கு வெளியே அதன் உறுப்பினர் கொண்ட கூட்டுறவுகளுள் பெரும்புகழ் ஈட்டியது 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவும் தீயும் பாடிய அப்பாடல் சந்தோஷ் நாராயணனின் இசைத் தயாரிப்பில், 'மாஜா' என்னும் அமைப்பின் வழி வெளியாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டியார் வள்ளியம்மாளின் வாழ்வும், அவர் தலைமுறையின் நிலமின்மையும் அப்பாடலின் உயிர்நாடி. ஒப்பாரி மரபும் அதனுள் இழையோடுகின்றது.

அப்பாடல் உலகெங்கும் பரவியபின் எழுந்த வழக்கு நம் ஆராய்ச்சிக்கு நேரிய தொடர்புடையது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாமை கண்டனத்திற்கு உள்ளாயிற்று, பா. இரஞ்சித்தும் அதனை வெளிப்படையாகச் சுட்டினார். 2022 சூலைத் திங்களிற் சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழாவில் அப்பாடல் அறிவு இன்றிப் பாடப்பெற்றது. பாடலை இயற்றியதில் தமக்குள்ள பங்கை அவர் பின்னர் விரித்துரைத்தார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தத்தம் பங்கை விளக்கியும், அறிவின் பங்கைத் தாம் என்றும் மறைத்ததில்லை எனக் கூறியும் அறிக்கை வெளியிட்டனர்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் எம் நோக்கமன்று. அதற்கு வேண்டும் சான்றனைத்தும் எம்மிடமும் இல்லை. நாம் காண்பது வழக்கின் இயல்பையே. சொல்லைத் தந்தவர், மெட்டைத் தந்தவர், இசையை அமைத்தவர், குரலைத் தந்தவர், வாழ்க்கையையே தந்தவர் எனப் பலர் கூடிய ஆக்கத்தை 'ஒருவரது பாட்டு' எனச் சொல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதனால் ஒருவரைச் சொல்லுங்கால் மற்றையோர் மறைகின்றனர். அறிவு தம் பிற்காலத் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டார். வாழ்க்கையைத் தந்தவரின் பெயரையே தலைப்பில் நிறுத்திய அச்செயலை, இவ்வழக்குக்கு ஒரு கலைஞர் தந்த சிறந்த மறுமொழியாக யாம் கருதுகின்றோம்.

தமிழ் மரபில் இதற்கு வழிகாட்டி இல்லையோ எனின், உண்டு. பரிபாடலைக் காண்க. எழுபது என எண்ணப்பட்ட பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாக எஞ்சின. 1918-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலில், பெரும்பாலான பாடல்களின் இறுதியில் மூன்று குறிப்புகள் உள: இயற்றிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். மூன்றாம் பாடலுக்குக் கடுவன் இளவெயினனார் சொல் தந்தார், பெட்டனாகனார் இசை வகுத்தார், பண் பாலையாழ். பாடலின் இசை இன்று மறைந்துபோயிற்று. ஆயின் அதனை வகுத்தவர் பெயர் மறையவில்லை. பழந்தமிழர் ஒரு பாட்டுக்கு இருவர் உரியராதல் இயல்பே எனக் கொண்டு, இருவரையும் ஏட்டில் ஏற்றினர் என்பது இதனாற் பெறப்படும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் இக்கருத்திற்கு அரண் செய்யும். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். மாதவியின் அரங்கேற்றம் மாதவி ஒருத்தியின் வெற்றியாக அங்கே காட்டப்படவில்லை.

எனவே நம் இலக்கியத்தில் இருவகை மரபு உள. ஆற்றுப்படை மரபில் இசைஞர் பாடற்பொருளாகிப் பெயரிழக்கின்றனர். பரிபாடல் மரபில் இசைஞர் புலவரோடு ஒப்பப் பெயர் பெறுகின்றனர். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' போன்ற குழுக்களின் வரலாறு, தெரிந்தோ தெரியாமலோ, முன்னதிலிருந்து பின்னதை நோக்கி நடக்கும் பயணமாகும்.

6. நம் துறைக்குப் பெறப்படுவன

இசையுலகத்தார்மேற் குறைகூறி இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. நாட்டுப்பாடலைப் பெயரற்றதாக்கியதில் நம் துறைக்கும் பங்குண்டு. பெர்சி மாக்வீன் திரட்டி, கி. வா. சகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இல் வெளிவந்தது. நா. வானமாமலை போன்றோர் அதன்பின் ஆற்றிய தொகுப்புப் பணியும் போற்றத்தக்கது. அப்பெரியோர் உழைத்திராவிடின் பல்லாயிரம் பாடல்கள் அழிந்திருக்கும். ஆனால் அவர்தம் வழிவந்த நாம், 'ஆசிரியர் பெயர் தெரியாதது நாட்டுப்பாடல்' என்னும் பொதுவிதியை ஆராயாமலே மாணவர்க்குக் கற்பித்து வந்தோம். தெரியாதது வேறு, கேளாதது வேறு. பாடியவரை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'தகவலாளி' எனக் குறித்து, வயதும் ஊரும் எழுதி அமைந்தோம். ஒப்பாரி பாடிய மூதாட்டி அதன் அடிகளுள் எவற்றைத் தாமே புனைந்தார், எவற்றைப் பிறரிடம் கேட்டார் என வினவியோர் மிகச் சிலரே. யாமும் அவ்வாறு வினவாது விட்டதுண்டு.

ஆதலின் முதுகலை மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் யாம் வேண்டுவது இது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து ஊர்களுக்குப் பாடல் தொகுக்கச் செல்வோர், ஒவ்வொரு பாடலுக்கும் பரிபாடலின் முறையைப் பின்பற்றிக் குறிப்பு எழுதுதல் வேண்டும். சொல்லைப் பாடியவர் யார், அதில் அவர் தாமே சேர்த்தது எது, மெட்டு எவரிடமிருந்து பெறப்பட்டது, பறையோ பம்பையோ உடுக்கையோ முழக்கியவர் யார் என்பன அக்குறிப்பில் இடம்பெறல் வேண்டும். பெயரை வெளியிட அவர் இசைகின்றாரா என்பதையும் கேட்டறிதல் கடமை. நாளை ஓர் இசைக்குழு அப்பாடலை மேடையேற்றுமாயின், 'மரபு' என்ற ஒற்றைச் சொல்லால் அவ்வுரிமை மறைக்கப்படாமைக்கு நம் ஏடே சான்றாகும்.

பொம்மையார்பாளையத்தை அடுத்து 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் இன்று பல நாட்டு இசைக்கருவிகளின் ஒலி கேட்கின்றது. அவற்றிற்கு அண்மையிலுள்ள ஊர்களில் பறையும் பம்பையும் முழங்குவதும் உண்டு. இவ்விரண்டும் கூடி ஒரு புதிய இசை பிறத்தல் அரிதன்று. அவ்வாறு பிறக்குங்கால் யாழேந்தியவன் பெயரின்றி நடந்த அப்பழைய வழியிலே, இசைஞர் இம்முறை தம் பெயரோடு நடத்தல் வேண்டும். அதற்கு வேண்டும் சான்றினைப் பதிந்துவைத்தல் தமிழாராய்ச்சியின் கடன் என்பது எம் துணிபு.